கால் ஊன்றாமல் ஒரு மாவட்டம்

போன ஞாயிறு காலை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது.

இரண்டு பக்கமும் வண்டிகள். பஸ், லாரி, கார், கரும்பு டிராக்டர். எல்லாரும் நின்றார்கள். நான் மட்டும் நிற்கவில்லை. கேட்டுக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் சைக்கிளில் வட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"பெரியவரே, பிரேக் புடிக்கலியா?"

"புடிக்குது."

"அப்ப நில்லுங்களேன். பாக்குற எனக்குத் தலை சுத்துது."

"காலை ஊனக் கூடாது."

"யாரு சொன்னது, டாக்டரா?"

"மைக் சேகரு."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் ஏற்றியிருப்பேன்.

பஸ் ஜன்னலில் ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "சைக்கிள் சுத்துற ஆளுடி. இன்னுமா இருக்காங்க இவுங்க?"

இருக்கிறோம் அம்மா. எல்லாரும் இல்லை... நான் இருக்கிறேன்.

இந்தப் பத்தியைப் பல நாளாகப் படிப்பவர்களுக்கு என் பழைய தொழில் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வயசில் நான் சைக்கிள் சுற்றினேன்.

ஊர் நடுவில் ஒரு மைதானம். மைதானத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் டியூப் லைட், குழாய் ஸ்பீக்கர். அதைச் சுற்றி ஒரு வாரம் சைக்கிள் விட வேண்டும். இறங்கக் கூடாது. சாப்பாடு சைக்கிளில். சவரம் சைக்கிளில். குளியலும் அதில்தான் — பெண்கள் குடத்தோடு வரிசையாக நிற்பார்கள். நான் கடக்கும்போது ஊற்றுவார்கள். பாதி என் மேல், பாதி மண்ணில். அப்புறம் அவர்கள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே... அது குளிரைவிடக் குளிர். மற்ற விஷயங்கள்? கேட்பீர்கள். வேட்டியால் மறைப்புப் பிடிப்பார்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கை எதையும் பிடிக்கலாம். கம்பம், சுவர், மரம், ஆள். பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாயலாம். கால் மட்டும் தரையில் படக் கூடாது. பட்டால் அதுவரை வந்த காசெல்லாம் வாபஸ். அதுதான் சட்டம்.

காசை உண்டியலில் போட மாட்டார்கள். நோட்டை ஊக்கால் என் சட்டையில் குத்துவார்கள். கடைசி நாள் சட்டையின் நிறம் தெரியாது.

யாருக்காக? ஊர் சொல்லும். பள்ளிக்கூடத்துக் கூரை. தீப்பிடித்த வீடு. புருஷன் போன பெண்ணுக்கு ஒரு தையல் மிஷின். வந்ததில் பாதி அதற்கு, பாதி எங்கள் வயிற்றுக்கு. இப்போது இதற்கு சேரிட்டி ரைடு என்று பெயர் இருக்கிறது. அப்போது பெயர் இல்லை. பசி இருந்தது.

நான் பேச மாட்டேன். பேசுவது சேகர். மைக் அவன் கையில். உறவுமுறை எதுவும் கிடையாது, ஆனால் பார்த்த நாளிலிருந்து மச்சான்தான். விடியற்காலையில் எனக்குக் கண் சொருகும். ஹேண்டில்பார் தானாக ஆடும். உடனே மைக்கில் ஆரம்பிப்பான் — என் மாமியார் வைக்கும் மீன் குழம்பைப் பற்றி. அதைக் குடித்த பூனை எப்படி ஊரை விட்டே போனது என்பதைப் பற்றி. ஊரே சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தவனுக்குத் தூக்கம் வராது என்பது சேகரின் கண்டுபிடிப்பு.

அடுத்தவருக்காக அவன் கேட்டால் போதும், இல்லாதவரும் இடுப்பு முடிச்சை அவிழ்ப்பார்கள். தனக்காக? ஒரு டீ கூட கேட்டதில்லை. தொண்டை வறண்டாலும் யாராவது பார்த்துக் கொடுத்தால்தான்.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. உட்கார்ந்த இடத்தில் உலகமே சுற்றியது. நான் சுற்றுவதை யார் பார்ப்பார்கள்? நான் கடலூரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கப் போனேன். சேகர் சிதம்பரத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டான். கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங். இரண்டு பேருக்கும் காலம் ஓடியது.

போன வருஷம் அவனுக்கு வலது கால் போனது. சர்க்கரை. விரலில் ஒரு புண். பிறகு பாதம். பிறகு முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு முகாமில் கால் கொடுத்தார்கள். அது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உரசியது. மறுபடி புண் என்றால் மறுபடி பயம். அளவெடுத்து அவனுக்கென்றே செய்கிற கால் உண்டு. விலை ஜாஸ்தி.

அவன் மனைவி மலர் ஒருநாள் போன் செய்தார். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். "வாசப்படிய தாண்ட மாட்டேங்குறாருண்ணே. யாராவது வந்தா போர்வையை இழுத்து மூடிக்கிறாரு. நேத்து மைக் செட்டையெல்லாம் வித்துடுன்னு சொல்றாரு."

மைக்கை விற்கச் சொன்னான் என்றதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தேன்.

கடலூரில் கல்பனா என்று ஒரு பெண். பிசியோதெரபி பார்க்கிறவர். என் முட்டியை நீட்டி மடக்குவது அவர்தான். ஞாயிறுதோறும் சைக்கிள் விடும் குழு ஒன்றும் நடத்துகிறார். எல்லாரும் ஹெல்மெட், இறுக்கிப் பிடித்த பேன்ட். முட்டிக்கு மருந்து தடவும்போது சேகர் கதையைச் சொன்னேன். அவர் தடவுவதை நிறுத்திவிட்டார். நான் தனியாக ஒரு நீண்ட தூரம் சைக்கிள் விட வேண்டும், அதைச் சொல்லி அவர்கள் போனில் காசு சேர்ப்பார்கள் — அவர் போட்ட திட்டம் இது. கடலூரில் விடியக் கிளம்பி வடலூர், விருத்தாசலம், பெண்ணாடம், காட்டுமன்னார்கோயில் என்று மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு, பொழுது சாய சிதம்பரத்தில் சேகர் வீட்டு வாசலில் முடிக்க வேண்டும்.

என் படத்தைப் போட்டு அனுப்பினார்கள். நான் பெடலை மிதிப்பதற்கு முன்பே காலுக்கு வேண்டிய காசு சேர்ந்துவிட்டது. காலம் அப்படி.

சேகருக்குப் போன் போட்டேன்.

"சும்மா குடுத்த காசு வேணாம் மச்சான்."

"சும்மா இல்லடா. நான் சைக்கிள் வுடப் போறேன்."

"எப்படி வுடுவ?"

"எப்படின்னா... வுடுவேன்."

"எறங்கி எறங்கி டீ குடிச்சிக்கினு போறதுக்குப் பேரு சைக்கிள் வுடறதாடா? அதுக்குப் பஸ்ல வா. காலை ஊனாம வா. வாங்கிக்கிறேன்."

வைத்துவிட்டான்.

கல்பனாவிடம் சொன்னேன். இப்படி ஒரு ரூல் உலகத்திலேயே கிடையாது என்றார். எங்கள் உலகத்தில் உண்டு என்றேன். என் முட்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி முட்டியைப் பார்த்தார். பிறகு ஒரு பட்டையை எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டார். ஊன்றினால் சேகருக்குக் கால் கிடையாது, ஊன்றாவிட்டால் உண்டு. விஷயம் அவ்வளவுதான்.

ஆக, ரயில்வே கேட்டில் வட்டம் அடித்தது அதனால்தான்.

ரயில் போனது. கேட் திறந்தது. நானும் போனேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்த வழியில் இருக்கும் ஊர்களில் எல்லாம் நான் சைக்கிள் விட்டிருக்கிறேன். ஆனால் ஊருக்கு ஊர் போனது பஸ்ஸில். சைக்கிள் பஸ் கூரையில். அத்தனை வருஷம் பெடல் மிதித்தும் நான் எங்கேயும் போனதில்லை. ஏறிய இடத்திலேயே இறங்கியிருக்கிறேன். இரண்டு ஊருக்கு நடுவில் இருக்கிற ரோட்டை இப்போதுதான் பார்த்தேன். இந்த வயசில்.

வடலூர் தருமசாலையில் எப்போதும் சோறு உண்டு. யார் போனாலும் உண்டு. ஆனால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே கடந்தேன்.

விருத்தாசலத்தில் நான் சுற்றிய மைதானத்தைத் தேடினேன். கல்யாண மண்டபம் ஆகியிருந்தது. கம்பம் இருந்த இடத்தில் கார் நிறுத்தியிருந்தார்கள். அங்கேதான் ஒரு அம்மாள் தன் குழந்தையை என் சைக்கிள் முன் கம்பியில் உட்கார வைத்து, ஒரு சுற்று சுற்றச் சொன்னாள். குழந்தைக்குச் சீர், அதாவது ஓயாத வயிற்றுப்போக்கு, நின்றுவிடும் என்று நம்பிக்கை. நின்றதா என்று தெரியாது. அந்தக் குழந்தைக்கு இப்போது தலை நரைத்திருக்கும்.

பெண்ணாடம் ரோட்டில் மில்லுக்குப் போகும் கரும்பு வண்டிகள். வெயில் ஏறிவிட்டது. முட்டி பேச ஆரம்பித்தது. ஒரு டிராக்டர்காரர் என் பக்கத்தில் மெதுவாக வந்தார். டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கை பிடிக்கலாம் — சட்டத்தில் இடம் இருக்கிறது. மனசில் இல்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன். ஒரு கரும்பை உருவிக் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டேன். பல் இருக்கிற பக்கமாகக் கடித்தேன்.

அந்தக் காலத்தில் இந்த ரோடுகளில் புளியமரங்கள். சாய்ந்து நிற்கத் தோதான மரங்கள். இப்போது ரோடு அகலம். மரம் இல்லை. மரத்தின் அருமையைப் பலரும் பல விதமாக எழுதுகிறார்கள். ஒரு கையால் பிடித்து மறைவாக ஒதுங்க ஒரு மரம் கிடைக்காமல் ஸ்ரீமுஷ்ணம் வரை தவித்தேன் பாருங்கள்... அப்போது எனக்கு அதன் அருமை தெரிந்தது. வயதானவர்களுக்குப் புரியும்.

சாயங்காலம் லால்பேட்டை. இன்னும் கொஞ்சம்தான் சிதம்பரம்.

ஒரு டீக்கடை பாய் என்னைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரோட்டுக்கே ஓடி வந்தார். வாலிப வயசில் காட்டுமன்னார்கோயிலில் என்னைப் பார்த்தவராம். என் சட்டையில் நோட்டுக் குத்தியவராம். "அண்ணே... நீங்கதானேண்ணே?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். ஆசையில் பிடித்தார். ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று பிடித்தார்.

சைக்கிள் நின்றது. இடது கால் தரையில் பட்டது.

பட்டதும் அவருக்கும் தெரிந்துவிட்டது. சட்டம் தெரிந்தவர் அல்லவா? கையை எடுத்துத் தன் தலையில் அடித்துக்கொண்டார். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

"யாரும் பாக்கலண்ணே. நீங்க போங்க. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

இனிமேல் என்ன அவசரம்? இறங்கினேன். டீ குடித்தேன். நல்ல டீ. காசு வாங்க மாட்டேன் என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. அவர் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மிச்ச தூரம் முழுக்க ஒரே யோசனை. சொல்லாமல் விட்டால் அவனுக்குக் கால். சொன்னால் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லாமல் விடுவது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பழக்கம் இல்லை. அவன் கண் முன்னாலேயே சுற்றியவன் நான். ஒளிக்க இடம் எங்கே இருந்தது?

சேகர் வீடு மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். கல்பனாவும் அவர் குழுவும் மாலையோடு நின்றார்கள். கை தட்டினார்கள். சேகர் உள்ளே கட்டிலில் இருந்தான். இடுப்பு வரை போர்வை. கதவு வழியாக என் காலைத்தான் பார்த்தான்.

"ஊனுனியா?"

"ஊனுனேன்."

"எங்க?"

"லால்பேட்டையில. ஒருத்தர் ஆசையா ஹேண்டில்பார புடிச்சிட்டாரு."

கைதட்டல் நின்றது. மலர் உள்ளே திரும்பிக்கொண்டார். கல்பனா எவ்வளவோ பேசினார். அது ஆக்சிடென்ட் என்றார், யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றார். சேகர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"ஊனுனா ஊனுனதுதாம்மா. காசைத் திருப்பிக் குடுத்துடு."

"ஜிபேல வந்ததை எப்படி அங்கிள் திருப்பித் தர்றது?"

"வந்த வழியிலயே."

எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க மிதித்த கோபம். வாசலில் உட்கார்ந்து முட்டிப் பட்டையை அவிழ்த்தேன்.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"நாளைக்குத் தண்டம். இங்கேர்ந்து கடலூரு."

கல்பனாவுக்குப் புரியவில்லை. எனக்கே மறந்துபோயிருந்த பழைய சட்டம் அது, விளக்கினேன். கால் பட்டால் காசு வாபஸ். ஆனால் ஆட்டம் முடியாது. மறுநாள் தண்டம் ஓட்ட வேண்டும். அதில் வரும் காசு செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை — மைக்கில் சொல்லித்தான் ஓட்ட வேண்டும். மைக்காரன் கூடவே இருக்க வேண்டும்.

"மலரு, மைக்க தொடச்சி வை," என்றான் சேகர்.

மலர் ஓடினார். ஒரு மைக்கைத் துடைக்க அவ்வளவு வேகமாக ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஒரு குட்டியானை வண்டி வந்தது. பின்னால் ஒரு நாற்காலி கட்டினோம். சேகரைத் தூக்கி உட்கார வைத்தோம். வாசப்படியைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டான். மடியில் ஒரு பெரிய துண்டைப் போட்டு மூடினான். கால் இல்லாதது வெளியே தெரியவில்லை.

வண்டி முன்னால். நான் பின்னால்.

முதலில் குரல் கரகரத்தது. புவனகிரி ரோடு பிரிகிற இடம் தாண்டுவதற்குள் பழைய சேகர் வந்துவிட்டான். "கம்பத்தைச் சுத்துன கால் இன்னிக்கு ரோட்டுக்கு வந்திருக்கு... கை குடுங்க, காசு குடுங்க, ஒண்ணுமில்லன்னா ஒரு வாய் தண்ணி குடுங்க..." புதுச்சத்திரம் பக்கம் நான் தளர்ந்தேன். எப்படித்தான் தெரியுமோ அவனுக்கு. மீன் குழம்பை எடுத்துவிட்டான். என் மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இருந்தும் கோபம் வந்தது. கால் தானாக மிதித்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். "ஒரு ஏழைத் தொழிலாளிக்குக் கால் போயிடுச்சு, குடும்பம் கஷ்டத்துல இருக்கு" — இப்படித்தான் கேட்டான். யாரோ ஒருவருக்குக் கேட்பது மாதிரி. ஊர் ஊராக அப்படியே கேட்டான். அங்கங்கே கொடுத்தார்கள். பலர் போனில் படம் பிடித்தார்கள். படம் பிடித்த கை பாக்கெட்டுக்குப் போகவில்லை.

சிப்காட் வாசலுக்கு வந்தபோது ஷிஃப்ட் விடும் நேரம். கம்பெனி பஸ்களுக்காக ஆட்கள் நின்றார்கள். வண்டி ஓரமாக நின்றது. நான் நிற்கக் கூடாதே? வண்டியைச் சுற்றி வட்டம் அடித்தேன்.

கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை. ஒரு பெண் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"யாருக்குங்க கால்?"

சேகர் வாயைத் திறந்தான். மைக்கில் ஒன்றும் வரவில்லை. நான் வண்டிக்குப் பின்னால் போனேன். முன்னால் வந்தேன். இன்னும் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் நகரவில்லை. நான் இன்னொரு சுற்று போனேன். வரும்போது அவன் மடியில் துண்டு இல்லை.

"எனக்குத்தாம்மா."

ஸ்பீக்கரில் வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"எனக்கு ஒரு கால் வேணும். வாங்குறதுக்கு எனக்கு வழி இல்ல. நீங்க குடுத்தா வாங்கிக்கிறேன்."

எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேருக்காக, அவன் குரலைக் கேட்டு நான் சுற்றியிருக்கிறேன். 'எனக்கு' என்ற வார்த்தையை மைக்கில் அவன் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண் புடவைத் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றினார். வண்டி டயரில் கால் வைத்து ஏறினார். ஒரு நோட்டை அவன் சட்டையில் குத்தினார். என் சட்டையில் இல்லை. அவன் சட்டையில். பின்னாலேயே இன்னொருவர். இன்னும் ஒருவர். ஊக்கு தீர்ந்தது. ஐடி கார்டு கிளிப்பைக் கழற்றி மாட்டினார்கள். நோட்டு இல்லாதவர்கள், கூடவே வந்த கல்பனா கையில் இருந்த ஜிபே அட்டையைப் போனில் பிடித்து அனுப்பினார்கள். சேகர் குனிந்து தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக் மடியில் கிடந்தது.

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

கடலூர் வந்து சேர்ந்தோம். கால் ஊன்றவில்லை. காசு திரும்பக் கிடைத்தவர்கள் எல்லாம் விஷயம் தெரிந்து மறுபடி அனுப்பிவிட்டார்கள் என்று கல்பனா சொன்னார். இந்த வாரம் புதுச்சேரியில் அளவு எடுத்தார்கள். அளவெடுக்க ஆட்டோவில் போகும்போது சேகர் போர்வை கேட்கவில்லையாம். மலர் போனில் சொன்னார். இதை நான் படுத்தபடி எழுதுகிறேன். முட்டி இரண்டும் பலாப்பழம் மாதிரி இருக்கிறது.

நேற்று பட்டை மாற்ற வந்த கல்பனா கேட்டார். இந்த இரண்டு நாளில் எந்த இடம் ரொம்பக் கஷ்டம் என்று. பெண்ணாடம் வெயிலைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். சிப்காட் வாசலைச் சொன்னேன்.

சைக்கிள் விட முட்டி இருந்தால் போதும் அம்மா... 'எனக்கு' என்று கேட்கத்தான் தெம்பு ஜாஸ்தி வேண்டும்.